112 கிலோ எடை இருக்கிறேன், எந்த சைக்கிள் வாங்கினால் தாங்கும்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: வயது 38, எடை 112 கிலோ, பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை, கையில் 20 ஆயிரம் ரூபாய் இருக்கிறது, கடைக்குப் போனால் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

சிரிக்க மாட்டார்கள். கடையில் இருப்பதிலேயே தடியாகத் தெரிகிற சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நிறுத்துவார்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், திருச்சியில். அப்போது நான் 118 கிலோ. கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாருக்கு இதுதான் சார் கரெக்டா இருக்கும்" என்று ஒன்றைக் கொண்டுவந்தான். முன்னால் சஸ்பென்ஷன், நடுவில் இன்னொரு சஸ்பென்ஷன், 21 கியர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், மோட்டார் பைக் மாதிரி டயர். பார்த்தால் யானையே ஏறலாம் போலிருந்தது. 17 ஆயிரம் கொடுத்து வாங்கிவிட்டேன்.

சரியாக ஆறாவது வாரம். காலையில் கரூர் ரோட்டில் முக்கொம்புக்குக் கிளம்பினேன். முத்தரசநல்லூர் தாண்டியதும் பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். கொஞ்ச தூரத்தில் பின் டயர் ஃப்ரேமில் உரச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்போக்ஸ் கம்பி சக்கரத்தின் நடு உருளையான ஹப்புப் பக்கம் அறுந்து தொங்குகிறது, சக்கரம் பாம்பு மாதிரி நெளிகிறது. சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையே போதும்.

தெருமுனை பாய் கடையில் கம்பி மாற்றி, பெண்டு எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் இன்னொரு கம்பி போனது. அடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு. மூன்றாவது முறை போனபோது பாய் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, காந்தி மார்க்கெட்ல வாழைத்தார் கட்டிக்கிட்டுப் போறாங்கல்ல, அந்த சைக்கிளோட பின் சக்கரத்துல எத்தன கம்பி இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

மறுநாள் போய் எண்ணினேன். தார் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு பழைய சைக்கிள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணியதை அந்த ஆள் சந்தேகமாகப் பார்த்தார். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. என் சைக்கிளில் பின்னாலும் 32தான். அந்த மனிதருக்கு 60 கிலோ, தார்களுக்கு எப்படியும் 80 கிலோ. தினமும் போகிறார், வருகிறார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: பின் சக்கரத்தைப் பார்த்து சைக்கிள் வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் இது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது எடையில் பாதிக்கு நிறைய மேல் பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. கியர் சைக்கிளில் வலது பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும், இழுவையும் அங்கே அதிகம். சக்கரம் உருளும்போது தரையை நோக்கி வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து, மேலே போனதும் திரும்ப விறைக்கிறது. கம்பி நன்றாக முறுக்கியிருந்தால் இந்த அசைவால் பெரிய பாதகமில்லை. தொழிற்சாலையில் மெஷினில் அவசரமாகக் கோத்த சக்கரத்தில் முறுக்கு குறைவாகவும் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கும். மேலே 118 கிலோ உட்கார்ந்தால் அந்தத் தளர்ந்த கம்பிகள் ஒரு சுற்றுக்கு ஒரு முறை மடங்கி மடங்கி, ஹப்பில் வளைந்து நுழைகிற இடத்தில் களைத்துப்போய் அறுந்துவிடும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான்.

கடையில் இதை நீங்களே சோதிக்கலாம். பின் சக்கரத்தின் ஒரே பக்கத்துக் கம்பிகளை விரல் நுனியால் வீணைத் தந்தி மாதிரி சுண்டிக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய ஒரே சுருதி வர வேண்டும். ஒன்று 'டங்' என்றும் அடுத்தது 'தொப்' என்றும் சொன்னால் அந்தச் சக்கரத்தை ஓட்டுவதற்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து முறுக்க வேண்டும் என்று அர்த்தம். வலது பக்கமும் இடது பக்கமும் வேறு வேறு சுருதியில் இருப்பது இயல்பு, அதைக் குறை சொல்லாதீர்கள். கம்பிகளை எண்ணுங்கள். 36 இருந்தால் சந்தோஷம். 32 இருந்து, ரிம் (டயர் உட்காரும் வெளி வளையம்) உள்ளே இரண்டு அடுக்காக, அதாவது இரட்டைச் சுவர் கொண்டதாக இருந்து, சரியாக முறுக்கியும் இருந்தால் 112 கிலோவுக்குப் போதும். 28, 24 என்று இருந்தால் அழகு பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு அடுத்தது ஆக்ஸில், அதாவது ஹப்பின் நடுவே போகும் அச்சுக் கம்பி. இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. கம்பிப் பிரச்சினை தீர்ந்த இரண்டாவது மாதம் பின் ஆக்ஸில் வளைந்தது. விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பல்சக்கரக் கொத்து ஃப்ரீவீல் வகையில் ஹப்பின் மேல் மரை போட்டு ஏற்றப்பட்டிருக்கும். அதனால் ஆக்ஸிலைத் தாங்கும் பேரிங் குண்டுகள், அதாவது பால்ஸ், வலது பக்கத்தில் ஹப்புக்குள்ளேயே நின்றுவிடும். அங்கிருந்து ஃப்ரேம் வரைக்கும் ஆக்ஸில் தாங்கலே இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கியர் கூடக் கூட அந்த நீளமும் கூடும். பல்சக்கரங்களை ஹப்போடு சேர்ந்த உருளையில் செருகி மாட்டுகிற கேசட் வகை ஹப்பில் பால்ஸ் ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும், ஆக்ஸில் வளைவது அபூர்வம். கடையில் "இது ஃப்ரீவீலா, கேசட்டா?" என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால், பின்னால் 6 அல்லது 7 பல்சக்கரம் இருந்தால் பெரும்பாலும் ஃப்ரீவீல், 9 இருந்தால் பெரும்பாலும் கேசட் என்று எடுத்துக்கொள்ளலாம். 20 ஆயிரத்துக்குள் கேசட் கிடைப்பது கொஞ்சம் சிரமம். கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் நான் ஓர் எதிரி. விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) எல்லாம் 65, 70 கிலோ ஆளை மனதில் வைத்துச் செய்தது. நாம் ஏறி உட்கார்ந்த உடனேயே அது பாதி அமுங்கிவிடும், பள்ளம் வந்தால் மீதியும் அமுங்கி 'டொக்' என்று அடிக்கும். நடு சஸ்பென்ஷன் இன்னும் மோசம். நீங்கள் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிட்டு சும்மா ஆடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு அதன் எடையையும் நீங்களே சுமக்க வேண்டும். சஸ்பென்ஷன் இல்லாத நேர் ஃபோர்க், அகலமான டயர், இவ்வளவு போதும். நம் ஊர்ப் பள்ளத்துக்கும், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைக்கும் டயரில் இருக்கிற காற்றுதான் நல்ல சஸ்பென்ஷன்.

டயர் 26 அல்லது 27.5 இஞ்ச் சக்கரமாக இருந்தால் அகலம் 1.75 முதல் 2.1 வரை இருக்கட்டும். 700 சி எனப்படும் பெரிய சக்கரம் போட்ட ஹைப்ரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவிலான வகை) என்றால் 38, 40 மில்லிமீட்டர். 25, 28 மில்லிமீட்டர் டயர் போட்ட வளைந்த ஹேண்டில் பார் சைக்கிள் மேல் ஆசை வரும். எனக்கும் வந்தது. முதல் வருடம் வேண்டாம்.

காற்று விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது. டயரின் பக்கவாட்டில் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். நாம் அதிகபட்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தாண்டக் கூடாது. மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒரு தடவை அடியுங்கள். பஞ்சர் ஒட்டும்போது ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் அது ஆணி குத்தியதல்ல. காற்று குறைந்து, பள்ளத்தில் ரிம் இறங்கி ட்யூபை நசுக்கியிருக்கிறது.

எல்லா சைக்கிளுக்கும் எடை வரம்பு உண்டு. அது பெட்டியோடு வரும் கையேட்டில் இருக்கும், பல மாடல்களில் 100 முதல் 120 கிலோ. சில நிறுவனங்கள் ஓட்டுபவர் எடையை மட்டும் சொல்கின்றன. சில ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்துச் சொல்கின்றன. 15 கிலோ சைக்கிளில் இந்த வித்தியாசம் உங்களுக்கு மிக முக்கியம். வாங்குவதற்கு முன்பே கையேட்டைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வாழைத்தார் தாங்குகிற பழைய இரும்பு சைக்கிளையே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நானும் யோசித்தேன். சமதரையில் கடைக்குப் போய்வர அதற்கு இணை இல்லை. ஆனால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், கியர் கிடையாது, மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அந்தப் பழைய ராடு பிரேக் பிடிக்கவே பிடிக்காது. மொத்தம் 130 கிலோவாகக் காவிரிப் பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்க வேண்டும். ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் அழுத்திப் பிடிக்கிற வி-பிரேக் நல்ல கட்டையோடு இருந்தால் தாராளமாகப் போதும், டிஸ்க் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சின்ன வயதில் 'முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் அல்லவா, அதை மறந்துவிடுங்கள். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள்.

இனி யாரும் பொதுவில் பேசாத விஷயம், உட்காரும் இடம். முதல் இரண்டு வாரம் வலிக்கும், எந்த சீட் போட்டாலும் வலிக்கும். நான் பயந்துபோய்த் தலையணை மாதிரி ஒரு ஜெல் சீட் வாங்கினேன். அரை மணி நேரத்தில் கீழே மரத்துப்போனது. மெத்தென்ற சீட்டில் உடம்பு புதைந்து, எலும்பு தாங்க வேண்டிய எடையைச் சதை தாங்குகிறது. கொஞ்சம் அகலமான, ஓரளவு கெட்டியான சீட்தான் சரி. தொடை உரசிப் புண்ணாகாமல் இருக்க சைக்கிள் ஷார்ட்ஸ் உதவும். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. போட்டுக்கொண்டு முக்கொம்பு வரை போய்வந்து அனுபவித்தவன் சொல்கிறேன்.

சீட்டை உயர்த்துங்கள். இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டினால் மூட்டு வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. ஆனால் சீட் கம்பியில் குறைந்தபட்சம் இதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரிந்தால் நம் எடைக்கு ஃப்ரேமே பிளந்துவிடலாம்.

அப்புறம், காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது. தொப்பை இருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் இருக்கிற பார் சரிந்து இறங்கிய ஃப்ரேம் வாங்குங்கள். லேடீஸ் சைக்கிள் என்று சொல்லப்படுகிற தாழ்ந்த ஃப்ரேம் வசதியாக இருந்தால் அதையே வாங்குங்கள், யார் என்ன சொன்னால் என்ன?

உங்கள் 20 ஆயிரத்தை நானாக இருந்தால் இப்படிச் செலவு செய்வேன். நேர் ஃபோர்க், சாதாரண ஸ்டீல் அல்லது அலுமினிய ஃப்ரேம், அகலமான டயர் உள்ள எளிய ஹைப்ரிட்டை 14, 15 ஆயிரத்துக்குள் முடிப்பேன். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, சக்கரம் கோக்கத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடுவேன். புதிய சைக்கிளை நேராக அவரிடம் கொண்டுபோய்க் கம்பிகளை முறுக்கிச் சீராக்கச் சொல்வேன். முதல் 150 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை. அதற்கு மேலும் கம்பி அறுந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன். 36 ஓட்டை இரட்டைச் சுவர் ரிம், கேசட் ஹப், புதுக் கம்பி என்று பின் சக்கரத்தையே புதிதாகக் கோத்துவிடுவேன். என்னுடைய இரண்டாவது சைக்கிளுக்கு பாய் அப்படித்தான் செய்து கொடுத்தார், கூலியோடு 4,200 ரூபாய் ஆனது. கோத்து முடித்ததும் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து இரண்டு கையாலும் ரிம்மை அமுக்கினார். கம்பிகள் 'டிக் டிக்' என்று முனகின. திரும்ப முறுக்கினார், திரும்ப அமுக்கினார். முனகல் நின்ற பிறகுதான் மாட்டினார்.

மருத்துவரிடம் ஒரு தடவை ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் மாதம் ஒரு தடவைக்கு 5 கிலோமீட்டர் போதும். லேசான கியரில் கால் வேகமாகச் சுற்றட்டும், கனமான கியரில் ஏறி மிதிக்க வேண்டாம். எடை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் இப்போது 105. திரும்பும் வழியில் பொங்கல் வடை சாப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஆடி மாதம் மேற்கே முக்கொம்புப் பக்கம் போனால் எதிர்காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். அகலமான ஆளுக்கு அகலமான காற்று. அந்த மாதம் மட்டும் நான் கிழக்கே கல்லணைப் பக்கம் போக மாட்டேன், வரும்போது அழ வேண்டியிருக்கும்.

அந்த முதல் சைக்கிள் இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. கல்லூரிக்கு அதில்தான் போகிறான், 54 கிலோ. மூன்று வருடமாக ஒரு கம்பிகூட அறுந்ததில்லை.