மறைந்தவரின் மருத்துவக் குறிப்பு கைக்கு வந்தால்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொலைக்காட்சி செய்திப் பிரிவில் துணை ஆசிரியராக இருக்கிறேன். காலமான ஒரு தலைவரின் டிஸ்சார்ஜ் சம்மரி (மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் சிகிச்சைக் குறிப்பு) எங்களிடம் வந்திருக்கிறது. "ஆளே போய்ச் சேர்ந்தாச்சு, இனி என்ன அந்தரங்கம்?" என்கிறார் மேலே இருப்பவர். ஒளிபரப்பலாமா?

பதில்: சட்டப்படி அவர் சொல்வதில் பாதி சரி. ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்கமும் அவரோடு முடிகின்றன, வாரிசுகளுக்குச் சொத்தாக இறங்காது என்று ஜெயலலிதா பற்றிய திரைப்பட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் பற்றிய பட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023-ல் இதே முடிவுக்கு வந்தது.

மீதிப் பாதியைத்தான் செய்தி டெஸ்க் மறந்துவிடும். இறந்தவர் மீது போடும் பழி, அவர் உயிரோடு இருந்திருந்தால் பெயரைக் கெடுத்திருக்கும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமும் இருக்கிறது என்றால் அது அவதூறுக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. அடுத்து, அந்தத் தாளை உங்களிடம் கொடுத்தவர். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள், நோயாளியின் ரகசியத்தை வெளியிட மூன்றே வழி விடுகின்றன: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோய். நோயாளி இறந்துவிட்டார் என்பது அதில் கிடையாது. கொடுத்தவர் மருத்துவர் என்றால், தொழில் செய்ய அவருக்குள்ள மருத்துவப் பதிவுக்கே ஆபத்து. இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரான்ஸின் முன்னாள் அதிபர் மித்தரான் 1996 ஜனவரி 8-ல் இறந்தார். 1981-லேயே அவருக்குப் புற்றுநோய் தெரிந்திருந்தது. ஆனாலும் 1992 வரை 'நலம்' என்றே அறிக்கை போய்க்கொண்டிருந்தது. அவர் இறந்த பத்தே நாளுக்குள் அவருடைய சொந்த மருத்துவர் இதைப் புத்தகமாக்கினார். நீதிமன்றம் உடனே தடுத்தது, அதற்குள் சுமார் 40,000 பிரதிகள் விற்றுவிட்டன. 2004-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பை இரண்டாகப் பிரித்தது. குடும்பம் துக்கத்தில் இருந்தபோது போட்ட இடைக்காலத் தடை நியாயம். ஒன்பது மாதம் கழித்தும் அதை நிரந்தரமாக்கியது தவறு. நாடாள்பவரின் நோயை மக்களிடம் மறைத்தார்களா என்பது பொது விவாதத்துக்குரிய விஷயம், நாள் ஆக ஆக அதன் எடை கூடும் என்பது இதன் சாரம். மருத்துவர் தொழில் ரகசியத்தை உடைத்த குற்றம் தனி, அதற்கு அவர் தண்டனை பெற்றார்.

ஆகவே தாளை மொத்தமாகப் பார்க்காமல் வரிவரியாகப் பாருங்கள். பதவியில் இருந்த நாட்களில் முடிவெடுக்கும் திறனைப் பாதித்த நோயா? அதை யாராவது பொய் அறிக்கையால் மூடினார்களா? ஆம் என்றால் அந்த வரி செய்தி. ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து வந்த சிறுநீரகக் கோளாறு செய்தி ஆகாது. எச்.ஐ.வி. நிலை, மனநல சிகிச்சை, குடும்ப நோய் வரலாறு மூன்றும் பதவியோடு நேரடித் தொடர்பு நிரூபணமாகாத வரை வெளியே போகக் கூடாது. 'தந்தைக்கும் இருந்தது' என்ற ஒரு வரி, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் உடலைப் பற்றியும் பேசுகிறது.

மருந்துப் பட்டியலை வைத்து நோயை ஊகிக்கும் பழக்கம் மோசமானது. மெத்தோட்ரெக்சேட் என்று பார்த்ததும் ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர் 'புற்றுநோய்' என்பார். முடக்குவாதத்துக்கும் வாரம் ஒருமுறை குறைந்த அளவில் அதே மாத்திரையைத்தான் தருகிறார்கள். சிகிச்சை தராத மருத்துவர் கேமரா முன் சொல்லும் பைட் ஆதாரம் ஆகாது.

தாளைத் திரையில் காட்டவே வேண்டாம், உறுதியான தகவலை மட்டும் கிராஃபிக்ஸில் எழுதுங்கள். காட்டியே ஆகவேண்டுமென்றால், பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வைத்து அப்படியே அனுப்பக் கூடாது. அடியில் இருக்கும் எழுத்தைக் காப்பி செய்துவிடலாம். மறைத்த பின் படமாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். மொசைக் போட்ட எண்ணைச் சில நேரம் மீட்டுவிட முடியும், ஆகவே முழுக் கறுப்பு. உடன் இருந்தவரின் கைபேசி எண், பார்கோடு, அடையாள எண் எல்லாம் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். மூலத் தாளை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அங்கிருந்து கசிந்த பிறகு யாரைக் கேட்பீர்கள்?

கேள்வி: குடும்பத்தார் சம்மதித்தால் போதும் அல்லவா?

பதில்: எந்தக் குடும்பத்தார்? மனைவி சரி என்பார், முதல் தாரத்து மகன் மறுப்பார். சம்மதம் கொடுத்தவர் தன் பங்கைப் பற்றித்தான் பேச முடியும். சில இடங்களில் சம்மதமே செல்லாது: பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இறந்திருந்தால், நெருங்கிய உறவினர் அனுமதி தந்தாலும் பெயரை வெளியிட முடியாது, தக்க காரணம் இருந்தால் செஷன்ஸ் நீதிபதி முடிவு செய்வார் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

கேள்வி: உடலையும், அழும் உறவினரையும் காட்டுவதில் எல்லை எது?

பதில்: 1998 பிப்ரவரியில் கோர்சிகாவில் கிளாத் எரிஞாக் என்ற அரசு உயர் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். நடுவீதியில் கிடந்த உடலின் படத்தை, இறுதிச் சடங்கு முடிந்த பத்தாம் நாள் ஒரு வார இதழ் வெளியிட்டது. படம் தங்கள் சம்மதமில்லாமல் வந்தது என்ற அறிவிப்பை அதே இதழில் போடும்படி குடும்பம் உத்தரவு வாங்கியது. அது சரிதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2007-ல் முடிவு செய்தது.

நடைமுறையில், பொது அஞ்சலிக்கு வைத்த உடலைத் தூரத்திலிருந்து காட்டலாம். ஆஸ்பத்திரிக் கட்டில், ஆம்புலன்ஸ் உள்பக்கம், மாடி ஜன்னல் வழியே ஜூம் கூடவே கூடாது. கேமரா ஒதுங்கி நின்றாலும் காலர் மைக் தனிப்பேச்சைப் பிடித்துவிடும். ஒலியைத் தனியாகக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பெரிய தவறு லூப்பில்தான் நடக்கிறது. நேரலையில் ஒருமுறை வந்த காட்சி, பேசுபவருக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் ஓடும், இணையக் காணொளியின் முகப்புப் படமாக (தம்ப்நெயில்) வருடக்கணக்கில் நிற்கும். விஷுவலுக்கு 'இத்தனை மணியோடு நிறுத்து' என்று காலக்கெடு எழுதி வையுங்கள்.

கேள்வி: அவர் எழுதிய கடிதங்களும் சாட் ஸ்கிரீன்ஷாட்டுகளும் ஒரு நண்பரிடம் இருக்கின்றன. அவரே தருகிறார், போடலாமா?

பதில்: தாள் நண்பருடையது, எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. முழுவாசகம் போட அவர்கள் அனுமதி வேண்டும். சாட்டில் எதிர்முனையில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு அந்தரங்க உரிமை முழுசாக உண்டு. ஸ்கிரீன்ஷாட்டை நம்பவும் வேண்டாம், போனையே கையில் வாங்கிப் பாருங்கள். சுஷாந்தின் கடைசி ட்வீட் என்று சரிபார்க்காமல் ஒளிபரப்பிய ஒரு இந்தி சேனலுக்கு 2020-ல் ஒளிபரப்பாளர்களின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

கேள்வி: தற்கொலை என்றால்?

பதில்: முறை, இடம், கடைசிக் குறிப்பு எதுவும் வேண்டாம். இறந்தவரைப் பலவீனமானவராகச் சித்திரிப்பதையும் அவர் அந்தரங்கத்தில் நுழைவதையும் பாம்பே உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தவிர்க்கச் சொன்னது.

கேள்வி: எத்தனை வருடம் கழித்து இந்தத் தடையெல்லாம் விலகும்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். டென்மார்க்கில் தனிநபர் தரவுக்கு 10 ஆண்டு. ஜெர்மனியில் உருவப்படத்துக்கு 10 ஆண்டு, அதுவரை உறவினர் சம்மதம் தேவை. அமெரிக்காவில் மருத்துவமனைப் பதிவுக்கு 50 ஆண்டு.

கேள்வி: எங்கள் உறவினர் பற்றி ஒரு சேனல் இப்படிச் செய்துவிட்டது. எங்கே போவது?

பதில்: முதலில் ஆதாரம். சேனல், நிகழ்ச்சி, தேதி, மணி நான்கையும் குறித்துக்கொண்டு, திரையில் கடிகாரம் தெரியும்படி பதிவு செய்யுங்கள். இணையத்தில் இருந்தால் முகவரியையும் சேருங்கள். எழுத்துப் புகார் சேனலுக்கே போக வேண்டும். 2021 கேபிள் டிவி விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு. பிடிக்கவில்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல் சேர்ந்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு, அதற்கும் மேலே மத்திய அரசு. இதே விஷயத்தை நீதிமன்றத்துக்கும் கொண்டுபோனால் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு புகாரை எடுக்காது, ஆகவே வழக்கா புகாரா என்பதை வக்கீலோடு பேசி முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.