‘புட் ஓஃப்’: பிற்போட்டார்களா, கைவிட்டார்களா?

கேள்வி: என் மகனின் நேர்முகப் பரீட்சை ‘புட் ஓஃப்’ செய்யப்பட்டுள்ளதாக ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனி அது நடக்காது என்று எண்ணி, புதிய திகதியை அறிவித்து வந்த அடுத்த மின்னஞ்சலைத் திறந்தும் பார்க்காமல் விட்டுவிட்டோம். இச்சொல்லின் பொருளை விளக்க முடியுமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: வாசித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. நடந்ததை விளக்கி இன்னொரு வாய்ப்புத் தரும்படி மகன் அந்நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். அதில் தவறேதும் இல்லை.

ஒன்றை அடியோடு கைவிடுவது ‘கோல் ஓஃப்’. வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே ‘புட் ஓஃப்’. நம் பத்திரிகைகள் அன்றாடம் எழுதும் ‘பிற்போடப்பட்டது’ என்பதை நினைவில் வைத்திருந்தால் குழப்பம் வராது. அங்கே ‘புட்’, இங்கே ‘போடு’.

நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை இதுவே பொருள். ஆளைப் பற்றிப் பேசும்போதுதான் சொல் வேறு முகம் காட்டுகிறது. வாடகை கேட்டு வந்தவரிடம் “அடுத்த கிழமை பார்ப்போம்” என்று ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டால், அவர் ‘ஹி புட் மீ ஓஃப்’ என்பார். மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்ததும் ஊசிப்போன பருப்பின் நாற்றம் மூக்கில் ஏறி, பசியெல்லாம் அடங்கிப்போனால், ‘த ஸ்மெல் புட் மீ ஓஃப்’ என்பார்கள். முன்னதில் தட்டிக்கழிப்பு, பின்னதில் வெறுப்பு. இந்த இரண்டாவது பொருளிலிருந்து பிறந்ததே, மனத்தை விலகச் செய்யும் எதையும் குறிக்கும் ‘ஓஃப் புட்டிங்’ என்ற பெயரடை.

1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், எரியும் முட்செடியருகே வந்த மோசேயிடம் பாதரட்சைகளைக் கழற்றச் சொல்லும் இடத்திலும் ‘புட் ஓஃப்’ தான் இருக்கிறது. கழற்றுதல் என்ற அப்பொருள் இன்று அருகிவிட்டது.

எழுதும்போது இரண்டு இடங்களில் நம்மவர்கள் தடுமாறுவதைக் காண்கிறேன். ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் நடுவில்தான் வரவேண்டும்: ‘புட் இட் ஓஃப்’ சரி, ‘புட் ஓஃப் இட்’ பிழை. அடுத்து வரும் வினைக்கு ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘புட் ஓஃப் கோயிங்’ என்பதே சரி, ‘டு கோ’ அல்ல. தமிழிலும் நாம் ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்பதில்லை, ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்றுதான் சொல்கிறோம்.