லாரி ஓட்டுகிறவருக்கு எது ஜெப நேரம்?

கேள்வி: மாதத்தில் 20 நாள் லாரியில்தான் இருக்கிறேன். வீட்டில் இருந்தால் காலை 5 மணிக்கு முழங்காலில் நிற்பேன். இரவில் குடும்ப ஜெபமும் உண்டு. வண்டியில் ஏறிவிட்டால் எல்லாம் விட்டுப்போகிறது. தூக்கத்தைக் குறைத்து ஜெபித்துப் பார்த்தேன். மறுநாள் ஸ்டியரிங் பிடித்தபடியே கண் சொருகியது. வேதத்தில் பயணம் போனவர்கள் பக்தியை எப்படிக் காத்துக்கொண்டார்கள்? ஜெபித்துவிட்டுக் கிளம்பியவன் பூட்டு, காவல் என்று பார்த்தால் அது அவிசுவாசமா?

பதில்: அன்புச் சகோதரரே, தூக்கத்தைக் குறைப்பதை இன்றோடு விடுங்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்கிறது 121-ஆம் சங்கீதம். எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடிய அதே ஆரோகண சங்கீத வரிசையில் 127-ஆவது, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது. காக்கிறவர் விழித்திருப்பதால்தான் போகிறவன் கண்ணை மூட முடிகிறது. சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியாவை தூதன் இரண்டு முறை தட்டி எழுப்பினான். இரண்டு முறையும் சாப்பிடத்தான் சொன்னான். போகவேண்டிய வழி தூரம் என்பதுதான் அதற்குக் காரணம்.

வீட்டின் 5 மணியை வண்டிக்குள் கொண்டுவர முயல்வதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். வேதத்தில் பயணம் போனவர்களின் ஜெபம் வழியின் திருப்பங்களில் வந்தது: புறப்படும்போது, தங்கும்போது, ஆபத்தில், சேர்ந்தபின். ஆதியாகமம் 24-இல், ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஆபிரகாமின் ஊழியக்காரனைப் பாருங்கள். பத்து ஒட்டகங்களோடு வந்து, சாயங்காலம், பெண்கள் தண்ணீர் மொள்ள வரும் வேளையில், ஊருக்கு வெளியே துரவண்டையில் அவைகளை மடக்கி உட்காரவைக்கிறான். அடுத்து என்ன செய்வது என்று தெரியாத அந்த இடத்திலேயே ஜெபிக்கிறான். இருதயத்தில் சொல்லி முடிக்குமுன்னே ரெபெக்காள் குடத்தோடு வந்துவிட்டாள் என்று பிறகு அவனே சொல்கிறான். அவ்வளவு சுருக்கமான ஜெபம். கேட்டது கிடைத்ததும் நின்ற இடத்திலேயே தலைகுனிந்து பணிந்துகொள்கிறான்.

நீங்களும் அப்படியே செய்யலாம். லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டயர் பார்த்து முடித்தபின், சாவியைத் திருப்புமுன் 121-ஐ வாய்விட்டு வாசியுங்கள். எட்டே வசனம், இரண்டு நிமிஷம் ஆகாது. காசா வழியில் இரதத்தில் போன எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவைச் சத்தமாக வாசித்ததால்தான் பிலிப்புவின் காதில் விழுந்தது. அலுப்பில் மனம் ஓடும்போது சொந்தக் குரலே அதைப் பிடித்து நிறுத்தும். பிறகு நாளுக்கு ஒன்றாக 120 முதல் 134 வரை, 15 சங்கீதங்கள். 131, 133, 134 மூன்றே வசனங்கள். 132-தான் நீளம், 18 வசனம், அதைச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் நாளுக்கு வையுங்கள். ஓட்டும்போது செல்போனில் வசனம் பார்க்கவே கூடாது. ஒலி வேதாகமம் கேளுங்கள், கண் ரோட்டில் இருக்கட்டும். இரவில் வீட்டாரும் அதே சங்கீதத்தை வாசித்தால் குடும்ப ஜெபமும் விட்டுப்போகாது.

121-ஐத் தாயத்துபோல ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதில் எச்சரிக்கையாக இருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் முதல் வசனம் பர்வதங்களிலிருந்தே ஒத்தாசை வருவதுபோல ஒலிக்கும். பொது மொழிபெயர்ப்பில் அது கேள்வி: "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்பது அடுத்த வசனத்தின் பதில். எரிகோவிலிருந்து எருசலேமுக்குச் சுமார் 25 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறவேண்டும். நல்ல சமாரியன் உவமையில் மனிதன் கள்ளர் கையில் அகப்பட்டது அந்த வழியில்தான். ஆபத்து தெரிந்தவர்களின் பாட்டு இது.

பூட்டு, காவல் விஷயத்துக்கு வருவோம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஜனங்களை அழைத்துப்போன எஸ்றா, வழிக்காவலாக ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டார். தேவனுடைய கரம் தம்மைத் தேடுகிறவர்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் முன்பே சொல்லிவிட்டாரே. அகாவா நதியண்டையில் உபவாசம் கூறினார். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன. அடுத்து அவர் செய்ததைப் படியுங்கள்: 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் நிறுத்து ஆசாரியர் கையில் ஒப்படைத்து, போய்ச் சேரும்வரை விழித்திருந்து காக்கச் சொன்னார். முதலாம் மாதம் 12-ஆம் தேதி அங்கிருந்து கிளம்பி, ஐந்தாம் மாதம் முதல் தேதி எருசலேம் சேர்ந்தார்கள். மூன்று நாள் ஓய்வெடுத்து, நான்காம் நாள் மறுபடி நிறுத்து, எடையை எழுதி வைத்தார்கள். எடைமேடைச் சீட்டும் பக்தியில் சேர்ந்ததுதான், சகோதரரே. எருசலேமின் அலங்கத்தைக் கட்டப் போன நெகேமியாவோ ராஜாவின் கடிதங்களோடும் குதிரைவீரரோடும் போனார். அவர் விசுவாசத்தை வேதம் குறைசொல்லவில்லை. பூட்டைப் போட்டு, தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

வழியில் எதுவும் கைமீறிப்போனால் அப்போஸ்தலர் 27-ஐ நினையுங்கள். பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகும் பயணம் அது. புயலில் பதினாலாம் இரவு, 276 பேர் கப்பலில். கப்பலாட்கள் விழுதுவிட்டு ஆழம் பார்த்தார்கள்: 20 பாகம், சற்று அப்புறம் 15. பாறையில் மோதிவிடுமென்று பின்பக்கம் நாலு நங்கூரம் போட்டார்கள். ஒருவரும் சாகமாட்டார்கள் என்ற வாக்கு பவுலிடம் இருந்தது. ஆனாலும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னார். விடியும் நேரத்தில் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் தேவனை ஸ்தோத்திரித்து, பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் திடன்கொண்டு சாப்பிட்டார்கள். தாபாவில் தட்டு வந்ததும், உங்கள் கிளீனர் பார்க்கும்படி நீங்களும் அந்த ஒரு ஸ்தோத்திரத்தைச் சொல்லலாம்.