புதிதாக வாங்கிய மலைப்பாம்பு எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் இரண்டடிப் பாம்பு ஒன்றை வாங்கினேன். மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கிறது. "பைத்தான்" என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. என்ன இனம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

மஞ்சளும் வெள்ளையும் என்று படித்ததும் பகீரென்றது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வாங்கியதும் இதே நிறம், இதே நீளம். "அல்பினோ ராயல், நாலடிக்கு மேல் வளராது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் ஏழடியைத் தொட்டுவிட்டது.

அதனால் முதல் வேலையாக நிறத்தை மறந்துவிடுங்கள். அல்பினோ என்றால் கறுப்பு நிறமி இல்லாத பாம்பு, அவ்வளவுதான். ராயலிலும் உண்டு, பர்மியப் பைத்தானிலும் உண்டு, உடம்பில் வலைக்கோலம் போட்ட ரெட்டிக்குலேட்டட் பைத்தானிலும் உண்டு, பைத்தானே அல்லாத போவாவிலும் உண்டு. இன்னொரு குழப்பம் பெயரில். பிரிட்டனில் ராயல் என்பதைத்தான் அமெரிக்காவில் பால் பைத்தான் என்கிறார்கள். பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதே சாது. இரண்டும் இரண்டு பாம்பு என்று நினைத்து நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

நிறம் ஏமாற்றும், செதில் ஏமாற்றாது. ஆனால் நெளிகிற பாம்பில் செதில் எண்ண முடியாது. அது சட்டை உரிக்கும்வரை பொறுங்கள். குட்டிகள் அடிக்கடி உரிக்கும். கண் பால் பூத்த மாதிரி மங்கினால் நாள் நெருங்கிவிட்டது. உரித்த சட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கறுப்புத் துணியில் மெதுவாகப் பிரியுங்கள். தலைப்பக்கம் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். சட்டையை வைத்து நீளம் அளக்காதீர்கள், உரியும்போது இழுபட்டு நிஜப் பாம்பைவிட நீண்டுவிடும்.

இப்போது வாலுக்கு அடியில் பாருங்கள். கழிவுத்துளைக்குப் பின்னால் செதில்கள் இரண்டிரண்டாக ஜோடி போட்டிருந்தால் அனேகமாகப் பைத்தான். பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாக இருந்தால் போவா. அப்புறம் உதடு. பைத்தானின் உதட்டுச் செதில்களில் வரிசையாகக் குழிகள் தெரியும், இரையின் சூட்டை உணர்வது அவற்றால்தான். கடைகளில் கிடைக்கும் சாதாரண போவாவுக்கு அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற குழி கிடையாது.

பைத்தான்தான் என்றால், வயிற்றில் குறுக்காக ஓடும் அகலச் செதில்களை எண்ணுங்கள். ராயலுக்கு 200ஐ ஒட்டி வரும். பர்மியனுக்கு 250க்குப் பக்கத்தில், சில சமயம் அதற்கும் மேல். ரெட்டிக்குலேட்டட் 300ஐயே தாண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்து பத்துக்கு ஒரு பேனாப் புள்ளி வைத்து எண்ணினேன். முதல் தடவை 258, இரண்டாம் தடவை 256. எனக்கு எண்ணத் தெரியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஐம்பது செதில் தப்புமா? விற்றவரை அழைத்தேன், எண் உபயோகத்தில் இல்லை.

சட்டைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் தலையை நேர் மேலிருந்து படம் எடுங்கள். பர்மியனின் உச்சந்தலையில் ஈட்டிமுனை மாதிரி ஒரு குறி இருக்கும். அல்பினோவிலும் அது மஞ்சளாகத் தெரியும். ரெட்டிக்குலேட்டடுக்குத் தலை நடுவே ஒரு மெல்லிய கோடு. ஆஸ்திரேலியக் கார்ப்பெட் பைத்தானுக்கு உச்சந்தலை முழுக்கப் பொடிப்பொடிச் செதில். மற்ற மூன்றுக்கும் மூக்குப் பக்கம் பெரிய தகடுகளாக இருக்கும்.

பர்மியன் என்று தெரிந்த பிறகும் எனக்கு ஒரு நப்பாசை, நம்ம ஊர் மலைப்பாம்பாக இருக்குமோ என்று. இரண்டும் நெருங்கிய சொந்தம்தான். கண்ணுக்குக் கீழே பார்க்க வேண்டும். நம்ம ஊர் மலைப்பாம்புக்கு மேலுதட்டுச் செதில் ஒன்றாவது கண்ணைத் தொடும். பர்மியனுக்கு நடுவில் குட்டிச் செதில்கள் குறுக்கே நிற்கும். என்னுடையதில் குறுக்கே நின்றன. ஒரு வகையில் நல்லதுதான். நம்ம ஊர் இனத்தை பிரிட்டனில் விற்கவே ஆர்ட்டிக்கிள் 10 சான்றிதழ் (அழியும் ஆபத்திலுள்ள இனங்களை விற்க அரசு தரும் அனுமதி) வேண்டும், இந்தியாவிலோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை. இதை ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: வயலில் கிடந்த குட்டியை மலைப்பாம்பு என்று கையில் எடுக்காதீர்கள். கண்ணாடி விரியனை அப்படி நினைத்துத் தொட்டவர்கள் உண்டு.

உங்களுடையது ராயல் என்றால் பெரிய கவலை இல்லை, சாப்பிட அடம்பிடிக்கும் என்பதைத் தவிர. பர்மியன் என்றால் இப்போதே முடிவெடுங்கள். அது 3 முதல் 5 மீட்டர் வளரும். அதை வைத்திருக்க பிரிட்டனில் லைசென்ஸ் தேவையில்லை என்பதாலேயே என்னை மாதிரி ஆட்கள் கையில் வந்து சேருகிறது. ஒரு அறையே அதற்குக் கொடுக்க வேண்டும், பெரிதானபின் தனியாளாகக் கூண்டைத் திறக்கவே கூடாது. என்னுடையது பத்தடியானபோது ஊர்வன மீட்பகம் ஒன்றிடம் ஒப்படைத்தேன். போனில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "பாம்பைக் காசு குடுத்தா வாங்குன?"

சட்டை கிடைத்ததும் வாலடி, உதடு, கண்ணோரம் மூன்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எண்ணிக்கையும் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்.