கதைப் புத்தக மான் பக்கத்துக்குப் பக்கம் மாறினால்

சிறுவர் கதைப் புத்தகத்துக்குப் படம் வரைவதே உங்கள் இலக்கு, திருகோணமலைக் கோட்டை மான்தான் நாயகன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அது வேறு மானாகிவிடுகிறது, நீர்வர்ணமும் கலங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

கதைப் பக்கங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரே தாளில் மானை முன்னால், பக்கவாட்டில், படுத்தபடி, ஓடுகிறபடி வரைந்து, உடல் எத்தனை தலையளவு என்று பக்கத்திலேயே குறியுங்கள். புள்ளிகளை எண்ண வேண்டாம். முதுகோரமாக அவை வரிசையாக ஓடும். அந்த வரிசை பிசகினால்தான் கண் உறுத்தும். கொம்பு ஆண்மானுக்கு மட்டுமே, அதுவும் உதிர்ந்து திரும்ப முளைக்கும். வெவ்வேறு மாதங்களில் பார்த்து வரைந்தால் கட்டாயம் மாறும், ஒரு நிலையை முடிவுசெய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நிறம் கலங்குவது கடற்காற்றின் ஈரத்தால். மேலே காய்ந்ததுபோலத் தெரியும். புறங்கையை வைத்தால் சில்லென்றிருக்கும். அதன்மேல் அடுத்த பூச்சு போனால் கீழ்நிறம் கிளம்பிவிடும். கோட்டைக்கு அருகிலுள்ள டச்சுக்குடாக் கரையில் பென்சிலோடு நிறுத்துங்கள், வர்ணம் வீட்டில் ஃபேனுக்குக் கீழே. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள், நாலு ஓரமும் டேப். அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் மூன்றும் போதும்; முதலிரண்டும் கலந்தால் நிழலுக்கு அருமையான சாம்பல் வரும்.

உங்களுக்குப் பிடித்த ஓவியர்களின் கோடுகளைப் பார்த்து வரைவதைவிட, கதையின் எழுத்துக்கு எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று தீப்பெட்டி அளவில் கீறிப் பாருங்கள். பதிப்பாளர் முதலில் பார்ப்பது அநேகமாக அதைத்தான்.