கேட் மூடியிருக்கிறது

வணக்கம் சார்,

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் போகிற போக்கில் வீட்டில் மாடல் ரயில் வைத்திருப்பதாக ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம். எனக்கு வட சென்னை, கொடுங்கையூர். மொட்டை மாடியில் ஷீட் போட்ட பத்துக்கு எட்டு அறை இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு ஹெச்ஓ (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு அளவு) ஸ்டார்ட்டர் செட் வாங்கி, பிளைவுட் மேல் வளையமாகப் போட்டு, உள்பக்கம் இரண்டு பாயிண்ட் (லைன் இரண்டாகப் பிரிகிற துண்டு) சேர்த்தேன். இப்போது பாயிண்டைத் தாண்டியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது, விரலால் தட்டினால் போகிறது. ஒரு வளைவில் ஐசிஎஃப் பயணிகள் பெட்டிகள் தடம் புரண்டுகொண்டே இருக்கின்றன. பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரை எல்லா ஸ்டேஷனையும் கொண்டுவர வேண்டும், ராயபுரம் பழைய கட்டடம் கண்டிப்பாக வேண்டும் என்று பிளான் வரைந்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவா, இருப்பதையே சரிசெய்யவா? எட்டு வயதுப் பையன் கொஞ்ச நாளாகக் கிட்டேயே வருவதில்லை. கேட்டால் "அது சுத்திச் சுத்தி அங்கியே வருதுப்பா" என்கிறான்.

ப., கொடுங்கையூர்

அன்புள்ள ப.,

உங்கள் கேள்விக்குப் பாதி பதிலைப் பையனே சொல்லிவிட்டான். அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் எஞ்சினைக் கவனிப்போம்.

கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்கு எத்தனை இடத்தில் வயர் போகிறது? செட்டோடு வந்தபடி ஒரே இடத்தில் இரண்டு வயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மிச்ச வளையம் முழுக்கக் கரண்ட் போவது, ஒரு துண்டையும் அடுத்த துண்டையும் பிணைக்கிற அந்தச் சின்னத் தகடுகள் வழியாகத்தான். அவை நாளடைவில் தளரும், உள்ளே கறுக்கும். நம் பக்கம் கடல் காற்று வேறு. ஒரு மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயர் சேருகிற இடத்தில் ஒரு அளவும், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு அளவும் பாருங்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது இங்கே 12 வோல்ட், அங்கே 8. எஞ்சின் மேல் என்ன தப்பு? பலகைக்கு அடியில் சுற்றிலும் தடிமனான வயர் ஒரு ஜோடி ஓடவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய வயரை எடுத்து வெளிப்பக்கமாகச் சால்டரிங் வையுங்கள். வயர் வாங்க ரிச்சி தெருவுக்கு ஒரு நடை, இரண்டு சாயங்காலம், அவ்வளவுதான் வேலை. அதோடு தண்டவாளத்தின் தலையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். அது போடுகிற கீறலுக்குள்தான் அடுத்த அழுக்கு போய் உட்காரும். தண்டவாளம் பித்தளையாக இருந்தால் துடைத்துத் துடைத்துக் கை ஓயும், அதை மாற்றிவிடுவது நல்லது. நிக்கல் சில்வர் வாங்குங்கள். பேரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி குந்துமணி கூடக் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். ஆனால் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது.

தடம் புரள்வதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எல்லா வண்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் லைனில் கோளாறு, ஒரே வண்டி எல்லா இடத்திலும் விழுந்தால் சக்கரத்தில் கோளாறு. உங்களுடையது மூன்றாவது ரகம்: ஐசிஎஃப் பெட்டி மட்டும், ஒரு வளைவில் மட்டும். ஐசிஎஃப் பெட்டி நிஜத்தில் 22 மீட்டர் சொச்சம். 87ஆல் வகுத்தால் இருபத்தைந்தரை சென்டிமீட்டர். ஸ்டார்ட்டர் செட் வளைவுகள் பெரும்பாலும் 18 இஞ்ச் ஆரம் அல்லது அதற்கும் குறைவு. அவ்வளவு நீளப் பெட்டி அவ்வளவு இறுக்கமாகத் திரும்பும்போது மூலைகள் வெளியே துருத்தும், பெட்டிகளை இணைக்கிற கப்ளிங் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பை ஒரு நல்ல ஜாயிண்ட் தாங்கும், கெட்ட ஜாயிண்ட் தாங்காது. கட்டைவிரல் நகத்தை தண்டவாளத்தின் உள்விளிம்பில் வைத்து அந்த வளைவு முழுக்க மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கே நகம் தட்டுகிறதோ அங்கேதான் சக்கரம் ஏறுகிறது. இடப்பக்கம் வளைந்த லைன் உடனே வலப்பக்கம் வளைந்தால் நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்துண்டு போட வேண்டும், அதையும் பாருங்கள்.

ஷீட் போட்ட அறை என்கிறீர்கள், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். நானும் அப்படி ஒரு அறையில்தான் முதல் லேஅவுட்டைப் போட்டேன், தை மாதம், ஜிலுஜிலுவென்று இருந்தபோது. ஜாயிண்டுகளை ஒட்ட ஒட்ட நெருக்கி, ஃபெவிகால் வைத்து, கோடு போட்ட மாதிரி இருக்கிறது என்று எனக்கே பெருமை. கத்திரி வந்தது. ஒரு மத்தியானம் மாடிக்குப் போனால் நேர்லைன் நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து, பலகையை விட்டு எழும்பி நிற்கிறது. எட்டடித் தண்டவாளம் 20 டிகிரி சூட்டுக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். நீள்வதற்கு இடம் விடாவிட்டால் அந்த முக்கால் மில்லிமீட்டரே போதும். பெரிய ரயில்வேக்கும் கோடையில் இதே தலைவலி உண்டு. இப்போதெல்லாம் லைன் போடும்போது ஜாயிண்டில் ஒரு பழைய விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டு, ஒட்டியபின் உருவி எடுத்துவிடுகிறேன். இன்னொரு லேஅவுட் தரையோடு தரையாக இருந்து ஒரு டிசம்பர் மழையில் நனைந்து உப்பி, பிளைவுட் வாழைச்சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துபோனது. அந்தக் கதையைத் தனியாக அழுதாகிவிட்டது, விடுங்கள்.

சரி, பிளானுக்கு வருவோம். பேசின் பிரிட்ஜ் முதல் எண்ணூர் வரை. ஹெச்ஓ கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கே பதினொன்றரை மீட்டர் வேண்டும், உங்கள் அறையின் நீளம் மூன்று மீட்டர். 58 வேகன் வைத்த நிலக்கரி ரேக் ஒன்றைச் சரியான அளவில் செய்தால் 7 மீட்டர் வரும், கதவைத் திறந்து படிக்கட்டில் இறக்கித்தான் நிறுத்த வேண்டும். எல்லா ஸ்டேஷனையும் அடக்க முயன்றால் என்ன ஆகும் என்றால், ஒவ்வொன்றும் ஒரு பெயர்ப்பலகையும் கையகல பிளாட்பாரமுமாக, கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும். ராயபுரம் 1856இல் திறந்த ஸ்டேஷன், அந்தத் தூண்களுக்கு மட்டுமே ஒரு வருஷம் உட்காரலாம். உட்காருங்கள், ஆனால் அது தனி வேலை. அதை வளையத்தின் ஓரத்தில் வைத்து, முன்னால் இந்தக் காலத்து எல்ஹெச்பி பெட்டி ரேக்கை ஓட்டிக் கெடுக்காதீர்கள்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். நம் ஏரியாவில் ரயிலை அதிகம் பார்த்தவன் ஸ்டேஷனில் பார்த்திருக்க மாட்டான், கேட்டில் பார்த்திருப்பான். சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, பின்னாலிருந்து மீன்பாடி வண்டி ஹாரன் அடிக்க, வருகிறது வருகிறது என்று நின்று, வந்தபின் போகிறது போகிறது என்று நின்று. கேட்டில் நிற்பவனுக்கு ரயிலின் தலையும் தெரியாது வாலும் தெரியாது. இந்தப் பக்கச் சுவருக்குப் பின்னாலிருந்து வேகன் வரும், அந்தப் பக்க வீடுகளுக்குப் பின்னால் மறையும். எட்டு வேகனா எண்பதா என்று யாரும் எண்ண முடியாது. அதிலும் பாதி நாள் அது போகவே போகாது. முன்னால் வரும், நிற்கும், கிரீச்சென்று பின்னால் போகும், மறுபடி வரும். ஷண்டிங். நமக்குத்தான் வயிறு எரியும், யார்டுக்காரனுக்கு அது அன்றாட வேலை.

அதைத்தான் நான் எட்டடிக்கு ஓரடிப் பலகையில் வைத்திருக்கிறேன். வளையம் கிடையாது. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வகுத்த இங்கில்நூக் என்கிற லைன் அமைப்பு அது. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன் நிறுத்துகிற கிளை லைன்). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. இந்தப் பக்கம் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு முட்டு லைன். மொத்தம் எட்டு வேகன். எட்டுக்கும் நம்பர் எழுதிச் சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும், எடுத்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் நீள சைடிங்கில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். 6720 விதமாக வரிசை வரலாம், ஆகவே நேற்றைய ஆட்டம் இன்று வருவது அபூர்வம். முட்டு லைனில் மூன்றுக்கு மேல் இடமில்லை என்பதுதான் இதில் உள்ள விஷமமே. ஐந்தாவது நம்பர் எப்போதும் இன்னொன்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. அந்த முட்டு லைனின் குறுக்கே ரோட்டைப் போட்டு, கேட்டை வைத்தேன். எஞ்சின் வேகனை வெளியே இழுக்கிற ஒவ்வொரு தடவையும் கேட்டை மூட வேண்டும். ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை மூடித் திறக்கிறது. ரோட்டில் ஒரு ஆட்டோ, ஒரு தண்ணி லாரி, மூன்று சைக்கிள், பள்ளிக்கூடத்துப் பெண்கள் இருவர் நிற்கிறார்கள். அவர்கள் நின்று நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்த தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதையும் வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் லேஅவுட்டுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

இன்னொரு லாபம், டேங்க் வேகன் ஒன்று 14 சென்டிமீட்டர்தான் வரும். ஐசிஎஃப் பெட்டியில் பாதி சொச்சம். இறுக்கமான பாயிண்டிலும் முணுமுணுக்காமல் போகும். கடையில் இந்திய வேகன் கிடைக்கவில்லை என்று ஏங்க வேண்டாம். ஒரு இஞ்ச் பிவிசி பைப்பை அறுத்து, இரண்டு முனையையும் எபாக்சி வைத்து உருட்டி, கறுப்படித்து, வாங்கிய சக்கரச் சட்டத்தின் மேல் உட்கார வைத்தால் இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அது தண்டையார்பேட்டை யார்டு வேகன்தான். வேகன்களைக் கழற்றுவதற்கு ஊதுபத்திக் குச்சி போதும். கப்ளிங்குக்கு நடுவில் விட்டு லேசாக நெம்பினால் விட்டுக்கொடுத்துவிடும்.

பிளான் காகிதத்தில் ஓரமாக இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர் இருக்கிற லைன் பிராட்கேஜுக்குச் சரியா என்று. சரியில்லை. நம் 1676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. 16.5 என்பது 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜ், அதாவது விம்கோ நகருக்குப் போகிற மெட்ரோவுக்குத்தான் பொருந்தும். எல்லோரும் தெரிந்தே இந்தப் பொய்யோடுதான் வாழ்கிறோம். 19.3க்குப் பாயிண்ட் முதல் சக்கரம் வரை கையால் செய்ய வேண்டும், அதற்கு ஆயுசு வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, பலகையை மார்பளவு உயரத்தில் அடியுங்கள். கேட்டில் நிற்கிறவன் பார்வையும் அதுதான், மழைத்தண்ணியும் அங்கே ஏறாது.

ஜல்லிக்கு காசிமேட்டு மணலை அள்ளி வராதீர்கள். நான் வந்தேன். உப்பு ஒரு பக்கம், அதில் கலந்த கறுப்புப் பொடியில் காந்தத்துக்கு ஒட்டுகிற துகள் இருக்கிறது. அது எஞ்சின் மோட்டாருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு நரநரவென்று அரைத்தது. எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, மேலே காந்தத்தை ஓட்டிவிட்டுப் போடுங்கள். நிஜ ஜல்லி 65 மில்லிமீட்டர் என்றால் நமக்கு முக்கால் மில்லிமீட்டர், அதற்கு மேல் போனால் பாறாங்கல் மாதிரி இருக்கும். ஃபெவிகாலைச் சரிபாதி தண்ணியில் கரைத்து, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்டில் அசைகிற நாக்குப் பக்கம் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது. இதெல்லாம் வண்டி ஒரு மாதம் நிற்காமல் ஓடியபின். ஜல்லி கொட்டியபின் லைனைத் திருத்துவது, கான்கிரீட் போட்டபின் குழாய் மாற்றுவது மாதிரி.

ஆக, பிரித்துப் போடவா என்றால், பிரியுங்கள். இரண்டு பாயிண்டும் எஞ்சினும் கன்ட்ரோலரும் அப்படியே புதுப் பலகைக்கு வரட்டும். நேர்த்துண்டுகளும் வரட்டும். வளைவுத் துண்டுகளை விற்காதீர்கள், ஒன்றுக்கும் தேறாத விலைக்குத்தான் கேட்பார்கள். பண்டிகை நாளில் தரையில் விரித்து ஓட்டலாம். சால்டரிங் வைக்கும்போது மட்டும் பையனை எட்ட நிறுத்துங்கள், அந்தப் புகை ஆகாது. லைன் ஓட ஆரம்பித்ததும் சீட்டுக் குலுக்குகிற வேலையையும் கேட்டையும் அவனிடம் கொடுத்துவிடுங்கள். அவன் கேட்டை மூடினால்தான் நீங்கள் எஞ்சினை எடுக்க முடியும் என்று வையுங்கள், உங்களை எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.