தலைசுற்றலுக்கு அக்குபங்சர்: கேள்வி பதில்

சார், வயது 48. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். நிமிர்ந்து மேல் அலமாரியைப் பார்த்தாலும் வருகிறது. எத்தனை சிட்டிங் ஊசி போட்டால் சரியாகும்?

உங்களுக்கு முதலில் தேவை ஊசி அல்ல. நீங்கள் சொல்வது பி.பி.பி.வி. என்ற, தலையை அசைத்தால் வரும் உள்காதுச் சுற்றலின் அடையாளம். உள்காதில் ஒரு பையில் ஒட்டியிருக்க வேண்டிய நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று, அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலையை அசைக்கும்போது அவை உருண்டு, அங்குள்ள திரவத்தைத் தள்ளுகின்றன. உடம்பு சுற்றுவதாக மூளைக்குத் தவறான தகவல் போகிறது. ஊசி அந்தத் துகளை நகர்த்தாது. நகர்த்துவது எப்லி முறை என்ற தலை அசைவு வரிசை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எந்தப் பக்கம் என்று பார்த்து உறுதி செய்யட்டும். வலக்காது என்றால் முறை இது: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்ப வேண்டும். அப்படியே மல்லாந்து படுக்க வேண்டும். தோளுக்கடியில் தலையணை வைத்தால் தலை சற்றுப் பின்னால் தொங்கும். சுற்றல் வரும், நிற்கும் வரை அரை முதல் ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். பிறகு தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி மறுபடி காத்திருங்கள். அடுத்து உடம்போடு இடப்பக்கம் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்கும்படி இன்னொரு நிமிடம். பிறகு மெதுவாக எழுந்து உட்காரலாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு முறையிலேயே அடங்கிவிடும். அவசரப்பட்டு ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடியில் புரண்டுவிடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் தனியாகச் செய்ய வேண்டாம்.

எப்லிக்குப் பிறகும் சில நாட்கள் மிதப்பது போலவும் குமட்டலாகவும் இருக்கலாம். அக்குபங்சர் கைகொடுக்கும் இடம் அதுதான்.

தலைசுற்றல் என்றாலே பித்தம் என்கிறார்கள். நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

நாடி பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி. எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எது கிளப்பிவிடுகிறது? கூடவே என்ன வருகிறது?

விநாடிக் கணக்கில், புரளும்போது வந்தால் மேலே சொன்ன துகள். மணிக்கணக்கில் நீடித்து, ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பது குறைந்தால் மெனியர் என்ற உள்காது நோய். ஓயாமல் நாள்கணக்கில் சுற்றினால் சமநிலை நரம்பில் அழற்சி இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் சுற்றினால் மைக்ரேன் வகை. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறதா? படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மீண்டும் பி.பி. பார்க்க வேண்டும். மேல் அளவு 20 குறைந்தாலும் கீழ் அளவு 10 குறைந்தாலும் காரணம் ரத்த அழுத்தம், காது அல்ல. ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றையும் கேட்டுவிட வேண்டும்.

சீன மருத்துவம் இதையே வேறு விதமாகப் பிரிக்கிறது: கல்லீரல் யாங் (சூடான, கிளர்ந்தெழும் சக்தி) மேலேறுவது, சளி ஈரம் அடைப்பது, சக்தியும் ரத்தமும் குறைவது, சிறுநீரகச் சத்து தேய்வது. புள்ளியைத் தேர்ந்தெடுக்க அந்தப் பிரிவு உதவும். ஆனால் ஹீமோகுளோபின் 7 இருப்பவரை ‘ரத்தக் குறைவு’ என்று சொல்லி எஸ்.டி. 36இல் (எழுத்து சக்தி ஓடும் பாதையை, எண் அதிலுள்ள புள்ளியைக் குறிக்கும்; இது முழங்காலுக்குக் கீழே உள்ளது) ஊசி போட்டு அனுப்பிவிடக் கூடாது.

அக்குபங்சர் டிப்ளமோ படிக்கிறேன். மெனியருக்குப் புள்ளிகளும் ஆழமும் சொல்லுங்கள் ஐயா.

அடித்தளம்: ஜி.பி. 20, டி.யு. 20, டி.டபிள்யூ. 17, பி.சி. 6. சளி ஈரம் என்றால் எஸ்.டி. 40, நாக்கில் தடித்த மாவுப் படலம் தெரியும். யாங் மேலேறினால் எல்.ஐ.வி. 3, ஜி.பி. 43. பலவீனமானவருக்கு எஸ்.டி. 36, கே. 3.

அதிகக் கவனம் வேண்டியது ஜி.பி. 20. பின்மண்டை எலும்புக்குக் கீழே, இரண்டு பெரிய கழுத்துத் தசைகளுக்கு நடுவே குழியில் இருக்கிறது. ஊசி முனை மூக்கு நுனியை நோக்கி, லேசாகக் கீழ்ச்சரிவில் போக வேண்டும். 0.25 மி.மீ. தடிமனும் 25 மி.மீ. நீளமும் உள்ள ஊசியே போதும். அதையும் முழுதாக இறக்காதீர்கள். மேல்நோக்கி உள்ளே ஆழமாகச் சாய்த்தால் மூளையின் அடிப்பகுதியான முகுளம் அங்கே இருக்கிறது. அருகிலேயே முதுகெலும்புத் தமனி. மரத்துக் கனப்பது போன்ற உணர்வு வந்ததும் நிறுத்துங்கள். மின்சாரம் பாய்ந்தது போல் துள்ளினால் உடனே பின்னால் இழுங்கள்.

டி.டபிள்யூ. 17 காது மடலுக்குப் பின்னால், வாயைத் திறந்தால் குழி விழும் இடம். முக நரம்பு பக்கத்தில் இருப்பதால் பலமாகத் திருகக் கூடாது. டி.யு. 20இல் தோலுக்கடியில் படுக்கையாகச் செலுத்துங்கள்.

தலைத்தோல் முறையில் காது நுனிக்கு மேல் 1.5 செ.மீ. உயரத்தில், முன்னும் பின்னும் 2 செ.மீ. நீளும் கிடைக்கோடு தலைசுற்றலுக்கும் கேட்புக்கும் உரியது. சுற்றல் உச்சத்தில், தலையை அசைக்கவே முடியாதவருக்கு, நான் கழுத்தைத் தொடாமல் பி.சி. 6, எஸ்.டி. 36 மட்டும் போடுவேன்.

காலையிலிருந்து அம்மாவுக்குத் தலைசுற்றல். பேச்சு கொஞ்சம் குளறுகிறது. கிளினிக் எப்போது திறக்கும்?

கிளினிக்குக்கு வராதீர்கள். இப்போதே 108ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குச் சுமார் 4.5 மணி நேரம்தான் அவகாசம். சுற்றலோடு பேச்சுக் குளறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலமின்மை, விழுங்க முடியாமை, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாத தள்ளாட்டம், இதுவரை வந்திராத கடும் தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

தொடு சிகிச்சை செய்பவர் ஒரே புள்ளியில் விரல் வைத்துவிட்டு, பி.பி. மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். பி.பி. மாத்திரைகளில் சில, திடீரென்று விட்டால் அழுத்தம் எகிறும் வகை. அந்த எகிறலே பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். மாத்திரையே சுற்றலுக்குக் காரணம் என்ற சந்தேகம் நியாயமானதுதான். அளவைக் குறைப்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர் செய்யட்டும். மருந்தைக் கைவிடச் சொல்வதை அக்குபங்சரின் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தக் கலைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பஸ்ஸில் போனால் தலை சுற்றி வாந்தி வருகிறது. வீட்டிலேயே அழுத்தும் புள்ளி உண்டா?

பி.சி. 6. உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து உங்கள் மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கமாகப் போங்கள். முஷ்டியை லேசாக மடக்கினால் இரண்டு தசைநாண்கள் புடைக்கும். நடுவில் உள்ள பள்ளம்தான் இடம். கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம், வலிக்காமல் கனக்கும் அளவு அழுத்தி, அடுத்த கைக்கு மாறுங்கள். வண்டி ஏறுவதற்கு முன்பே தொடங்குங்கள். தசைநாணின் மேலேயே அழுத்துவதுதான் பொதுவான தவறு.

உண்மையில் ஆதாரம் இருக்கிறதா?

குமட்டலுக்கு, குறிப்பாக அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்கு, பி.சி. 6 பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. தலைசுற்றலுக்கான ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஆகவே நான் வாக்குக் கொடுப்பது குமட்டல், பதற்றம், கழுத்து இறுக்கம் குறையும் என்பதற்கு மட்டுமே. போன கேட்புத் திறன் திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எத்தனை தடவை வர வேண்டும்?

வாரம் இரண்டு, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம். ஆறு தடவைக்குள் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிட்டுக் காரணத்தை மறுபடி தேட வேண்டும். நரம்பு அழற்சிக்குப் பின் தள்ளாட்டம் மிஞ்சியிருந்தால் ஊசியைவிடப் பயிற்சி முக்கியம்: கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை அதிலேயே நிறுத்தி, தலையை மட்டும் இடமும் வலமும் ஒரு நிமிடம் ஆட்டுங்கள். தினம் மூன்று வேளை. தலைசுற்றலை அடக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தானாகப் பழகிக்கொள்வது தாமதமாகும். அதை எப்போது நிறுத்தலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். ஊசி போடலாமா சார்?

முதலில் பி.பி.யும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்மா. எல்.ஐ. 4, எஸ்.பி. 6 இரண்டையும் தவிர்ப்போம். பி.சி. 6 போதும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

மெல்லிய ஊசி, ஆழமில்லாத புள்ளிகள், எடுத்த பின் பஞ்சால் நன்றாக அழுத்தம். கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

போன முறை ஊசி போட்டதும் வியர்த்து மயக்கம் வந்தது. சுற்றல் கூடிவிட்டதா?

அது ஊசி மயக்கம். பசியோடு வந்து, உட்கார்ந்த நிலையில் போட்டுக்கொண்டால் வரும். ஊசிகளை எடுத்துவிட்டு, படுக்கவைத்து, காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடங்களில் தெளியும். அடுத்த முறை ஒன்றரை மணி நேரத்துக்கு முன் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். படுத்த நிலையில் இரண்டு ஊசியோடு மட்டும் தொடங்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்திருங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.